இறங்குதுறைக்கு லைற் கேட்ட எம்.பி.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் இருந்து ஒரு கூட்டாளி ரெலிபோன் எடுத்தான். நெடுந்தீவில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். வழமையாக நலம் விசாரித்து, பிள்ளைகளின் கதை கதைத்து, கடைசியாகத்தான் அரசியலுக்கு வருவான். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே கொதித்துக்கொண்டு வந்தான்.

"மச்சான், பாத்தியே உவங்கள்ர கூத்தை? பாராளுமன்றத்துக்குப் போய் இறங்குதுறைக்கு லைற் கேக்கிறாங்கள். உது பழைய வி.சி. மெம்பர் செய்யிற வேலை. உதுக்கே நாங்கள் வோட்டுப் போட்டு அனுப்பினது?"

"நீ எப்பயடா கடைசியா வோட்டுப் போட்டனி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவன் 1984 இல் வெளிக்கிட்டவன். நான் 1987. இரண்டு பேருமே அங்கே ஒரு வோட்டும் போட்டதில்லை! ஆனால் அங்குள்ள எம்.பி. என்ன கதைக்க வேண்டும், என்ன கதைக்கக் கூடாது என்பதில் எங்களுக்கு நாற்பது வருச அனுபவம் இருக்கிறது.

அவன் சொன்னதுதான் எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேரின் எண்ணம். கோயில் வாசலிலும் பிறந்தநாள் விழாக்களிலும் சாவீட்டிலும் இதே கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "உரிமை கேக்கப் போனவன் றோட்டுக் கேக்கிறான்." றோட்டு, பாலம், குளக்கட்டு, படகு எல்லாம் சின்னச் சாமான்கள். அவற்றைக் கேட்கிற எம்.பி. சின்ன ஆள். அல்லது விலைபோன ஆள். 2018, 2019 இல் கம்பெரலியத் திட்டத்தில் எம்.பி.மார் தங்கள் பக்கத்து வீதிகளைச் சிபாரிசு செய்தபோது நாங்கள் அடித்த பகிடிகள் கொஞ்சநஞ்சமா?

இது பிழை என்று நான் நினைக்கிறேன். பிழை மட்டும் இல்லை, ஊரில் இருக்கிற சனத்துக்குச் செய்கிற துரோகம் என்றும் நினைக்கிறேன். (துரோகம் என்ற சொல்லை நாங்கள் எல்லாருக்கும் தாராளமாகக் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.)

ஏன் இப்படி நினைக்கிறேன் என்று சொல்ல, முதலில் என்னுடைய மீன் பக்ரறிக் கதையைச் சொல்ல வேண்டும்.

நோர்வேக்கு வந்த எங்கள் ஆட்களில் கனபேர் முதலில் போய் விழுந்தது வடக்கே பின்மார்க் மாவட்டத்தில். வாட்சோ, வார்டோ, ஹொனிங்ஸ்வோக், ஹமர்ஃபெஸ்ட் என்று கடற்கரை ஊர்கள். நான் போனது போட்ஸ்பியூர். இரண்டாயிரம் சனம் கொண்ட மீன்பிடி ஊர். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எட்டிப் பார்க்காது. ஊருக்குள் வர மலைக்கு மேலால் ஒரேயொரு றோட்டு. பனிப்புயல் என்றால் அதுவும் பூட்டு. கொஞ்சம் அடங்கினால், பனி வழிக்கிற வாகனம் முன்னுக்குப் போக, கார்கள் எல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போக வேண்டும். மற்றபடி கரையோரக் கப்பல்தான். முதல் நாள் அந்தத் துறைமுகத்தைப் பார்த்தபோது, 'அடக் கடவுளே, ஒரு தீவில இருந்து ஓடிவந்து இன்னொரு தீவில மாட்டியிருக்கிறன்' என்று நினைத்தேன்.

வந்து இரண்டாவது குளிர்காலம் என்று ஞாபகம். பக்ரறியில் கோப்பி குடிக்கிற நேரம். ஒரு மனிதர் வந்தார். பின்னல் சுவெற்றர், றப்பர்ச் சப்பாத்து. எங்கள் மேசையில் இருந்தார். சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்டார். மலை றோட்டு இந்த மாதம் எத்தனை நாள் பூட்டு? ட்ரோலர் மீன் ஒழுங்காக வருகிறதா? வேலை எத்தனை நாள் இல்லாமல் இருந்தது? என்னிடமும் கேட்டார். எனக்கு அப்போது நொஷ்க் மொழியில் தலையாட்டத்தான் தெரியும், ஆட்டினேன். அதையும் எழுதினார்!

அவர் போன பிறகு போர்மனிடம், "கொம்யூனில வேலை செய்யிற ஆளோ?" என்று கேட்டேன். "இல்லை, ஸ்டூர்டிங் உறுப்பினர். எங்கட பின்மார்க் பெஞ்சில இருக்கிறவர்" என்றார்.

எங்கள் அறைக்குப் போய் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாராளுமன்ற உறுப்பினராம், மீன் குடலுக்கு மேலால் நடந்துவந்து றோட்டைப் பற்றி விசாரிக்கிறாராம். எங்கள் ஊரில் எம்.பி. என்றால் மாலையும் மேடையும் மைக்கும். மேடையில் அவர் கதைப்பார், நாங்கள் கேட்போம். அவர் எங்களிடம் கேட்டதாக எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை.

அந்த 'பெஞ்ச்' என்ற சொல்லின் அர்த்தம் எனக்குப் பிடிபடக் கனகாலம் எடுத்தது. நோர்வேப் பாராளுமன்றச் சபையில் உறுப்பினர்கள் கட்சி கட்சியாக இருப்பதில்லை. மாவட்டம் மாவட்டமாக இருக்கிறார்கள். வலதுசாரியும் இடதுசாரியும், ஒரே மாவட்டத்தில் இருந்து வந்தால் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. நீ முதலில் பின்மார்க் ஆள், பிறகுதான் கட்சி ஆள் என்று தளபாடமே சொல்கிறது.

இன்னொன்று இருக்கிறது. இங்கே 19 தேர்தல் மாவட்டங்கள், 169 ஆசனங்கள். எந்த மாவட்டத்துக்கு எத்தனை என்று பிரிக்கும்போது ஆளுக்கு 1 புள்ளி. அதோடு ஒவ்வொரு சதுர கிலோமீற்றருக்கும் 1.8 புள்ளி! 2005 தேர்தலில் இருந்து இந்தக் கணக்குத்தான். பின்மார்க்கின் பரப்பு ஏறத்தாழ 48,600 சதுர கிலோமீற்றர், சனம் 75,000 அளவில். பெருக்கிப் பாருங்கள். அந்த மாவட்டத்தில் மனிதரைவிடக் கல்லுக்கும் பனிக்கும் புள்ளி கூட. அதற்கு முன்னரும் 1952 வரை இங்கே மூன்றில் இரண்டு பங்கு ஆசனம் கிராமப்புறத்துக்கு என்று யாப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். தூரத்தில் சிதறி இருக்கிறவனின் சத்தம் தலைநகரத்துக்குக் கேட்காது, ஆகவே அவன் பக்கத் தராசில் ஒரு கல்லைக் கூடப் போடவேண்டும் என்பது அவர்களின் நியாயம். ஒஸ்லோக்காரருக்கு இதில் எரிச்சல் உண்டு. நானும் இப்போது ஒஸ்லோக்காரன்தான். 1996 இல் முதல் கப்பலைப் பிடித்து வந்துவிட்டேன். பின்மார்க்கில் இருந்தால் வரிச்சலுகை, படிப்புக் கடன் தள்ளுபடி என்று 1990 இல் இருந்து கொடுக்கிறார்கள், அப்படியும் எங்கள் ஆட்களில் பெரும்பகுதி தெற்கே இறங்கிவிட்டது. அதை ஒளிக்கத் தேவையில்லை.

அந்த மனிதர் ட்ரோலரைப் பற்றி ஏன் கேட்டார் என்பதையும் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். ட்ரோலர் லைசன்ஸ் சிலவற்றுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பிடித்த மீனைக் குறிப்பிட்ட வடக்கு ஊர்களில் கொண்டுவந்து இறக்க வேண்டும். அப்படி மீன் வந்தால்தான் பக்ரறி ஓடும், பக்ரறி ஓடினால்தான் எனக்கு வேலை, எனக்கு வேலை என்றால்தான் நெடுந்தீவில் என் அம்மாவுக்குக் காசு. காலப்போக்கில் அந்தக் கடமை தேய்ந்து பேப்பரில் மட்டும் இருக்கிற நிலைக்கு வந்தது. 2016 கடைசியில் அன்றைய அரசாங்கம் அதை ஒரேயடியாகத் தூக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. வடக்கு ஊர்கள் கிளம்பின. 2017 இல் அந்தத் திட்டம் பாராளுமன்றத்தைத் தாண்டவில்லை. யார் இறக்குகிற மீன், எந்த ஊர்க் கரையில் என்பது ஒரு தேசிய விவாதம்! அங்கே ஒருவரும் எழும்பி, "இது வி.சி. மெம்பர் வேலை" என்று சொன்னதாக நான் அறியவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்றால் புதிய கதை ஒன்று சொல்கிறேன். பின்மார்க்கின் பெரிய நகரம் அல்டா. இருபதினாயிரத்துக்கு மேல் சனம். ஆனால் முழு ஆஸ்பத்திரி இருப்பது ஹமர்ஃபெஸ்டில், ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தூரத்தில். இடையில் ஒரு மலைவெளி. குளிர்காலப் புயலில் அந்த வழியும் மூடப்படும். எங்களுக்கும் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அல்டாச் சனம் வருசக்கணக்காகக் கேட்டது. பெரிய கட்சிகள் தலையைச் சொறிந்தன. கடைசியில் 2021 தேர்தலில் 'பசியென்ட்ஃபோகுஸ்', அதாவது நோயாளர் மேல் கவனம், என்ற பெயரில் ஒரு சின்னக் கட்சி பின்மார்க்கில் மட்டும் நின்றது. அல்டாவில் ஆஸ்பத்திரி என்பதுதான் அதன் பிரதான கோரிக்கை. பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் வோட்டு. ஐரீன் ஓயாலா என்ற பெண்மணி தனி ஆளாக ஸ்டூர்டிங்குக்குள் போனார்.

நாலு வருசம். சந்தர்ப்பம் கிடைத்த இடமெல்லாம் அல்டா, அல்டா என்றுதான் நின்றார். ஒற்றை ஆள் கட்சி, பெரும்பான்மை அவர் பக்கம் இல்லை. 2025 தேர்தலில் அந்த ஆசனமும் போய்விட்டது. முழு ஆஸ்பத்திரி இன்னும் ஹமர்ஃபெஸ்டில்தான். இதைச் சொன்னபோது என் கூட்டாளி கனடாவில் இருந்து கைதட்டிச் சிரித்தான். "பாத்தியே! லைற் கேட்டவ தோத்துப்போனா!"

தோற்றதுதான். ஆனால் தோற்றதற்கு முதல் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு மலைக்கு அந்தப்பக்கம் பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண்ணின் பிரச்சினை, நாட்டின் சபையில் நாலு வருசம் பதிவில் இருந்தது. அமைச்சர் எழும்பிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவரும் அவரிடம், "நீ பெரிய விசயம் கதை, நேட்டோவைப் பற்றிக் கதை" என்று சொல்லி வாயை மூடவில்லை. பின்மார்க்கையும் துறும்ஸையும் 2020 இல் வலுக்கட்டாயமாக ஒட்டிய கதையும் அப்படித்தான். 2018 இல் பின்மார்க்கில் வாக்கெடுப்பு வைத்தபோது 87 சதவீதம் வேண்டாம் என்றது. கேட்கவில்லை, ஒட்டினார்கள். சனம் விடவில்லை. 2024 ஜனவரி 1 இல் திரும்பப் பிரித்தாயிற்று.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன்.

1974, சோளகக் காற்றுக் காலம். எனக்கு எட்டு வயது. அம்மாவுக்குப் பிள்ளைப்பேறு சிக்கல், யாழ்ப்பாணம் கொண்டு போங்கோ என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டா. அன்றைக்குப் படகு ஓடவில்லை. கடல் அப்படி. அப்பாவும் மாமாவும் ஒரு வள்ளம் பிடித்து அம்மாவை ஏற்றினார்கள். புங்குடுதீவுக் கரையில் போய் இறங்க முதல், கடலிலேயே தம்பி பிறந்தான். அரை மணித்தியாலம் இருந்தானாம். அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் காற்றைத்தான் திட்டுவா. அரசாங்கத்தையோ எம்.பி.யையோ திட்ட வேண்டும் என்று அவவுக்குத் தோன்றியதே இல்லை. அதுதான் எனக்கு இப்போது கோபம்.

அப்போது எங்களுக்கு ஊர்காவற்றுறை என்று ஒரு தொகுதியாவது இருந்தது. கா. பொ. இரத்தினம் அதன் எம்.பி.யாக இருந்தார். பெரிய தமிழ் அறிஞர். 1983 இல் ஆறாவது திருத்தச் சட்டம் வந்து கூட்டணியினரின் ஆசனங்கள் போயின. 1989 இல் இருந்து மாவட்ட விகிதாசாரம். அதற்குப் பிறகு நெடுந்தீவான் "என்ர எம்.பி." என்று ஒருவரைச் சுட்ட முடியாது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்றால் அதற்குள் கிளிநொச்சியும் சேர்த்தி. இரணைமடுத் தண்ணீரும் குறிகட்டுவான் இறங்குதுறையும் ஒரே பட்டியலில். 2024 இல் ஆறு பேர். ஆறு பேரும் எல்லாருக்கும் சொந்தம், ஆகவே ஒருவருக்கும் சொந்தமில்லை. இலங்கை யாப்பிலும் மாகாணத்துக்கு நாலு ஆசனம் கூடுதலாகக் கொடுக்கிற ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது மாகாணத்தோடு நின்றுவிடும். தீவுக்கு வந்து சேராது.

எண்ணிக்கையால் ஆவது ஒன்றுமில்லை என்பதற்கும் எங்கள் தீவுகளே சாட்சி. 1994 இல் குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்களிப்பு நடக்கவில்லை. தீவுப்பகுதி வோட்டைப் பெரும்பாலும் வைத்தே சுயேச்சையாக நின்ற ஈ.பி.டி.பி.க்கு யாழ் மாவட்டத்தில் ஒன்பது ஆசனம் கிடைத்தது. பதினோராயிரம் வோட்டுக்கூட இல்லை! ஒன்பது எம்.பி.!

"அப்ப நீ சொல்லுறது, தார் ஊத்திறவனுக்கு வோட்டுப் போடச் சொல்லியோ?" என்று கேட்டான் கூட்டாளி. நியாயமான கேள்விதான், மழுப்ப விரும்பவில்லை. தார் ஊற்றுகிறேன், எனக்கு வோட்டுப் போடு, மற்றதைப் பற்றி வாய் திறக்காதே என்று வருகிறவன் ஒப்பந்தகாரன். அவன் கொடுப்பது சலுகை. கொடுக்கிற கை எடுக்கவும் எடுக்கும். நான் சொல்லுகிற ஆள் வேறு. படகு எங்களுக்குச் சேர வேண்டியது, நாங்களும் வரி கட்டுகிறோம், ஏன் இன்னும் இல்லை என்று சபையில் பெயர், திகதி, தொகையோடு கேட்கிறவர். கேட்டுவிட்டு அடுத்த மாதமும் கேட்கிறவர். கேட்டதற்கு நன்றி சொல்லித் தலை குனியத் தேவையில்லாதவர்.

எங்கள் வீரர்கள் செய்த பெரிய பிழை, உரிமை ஒரு பெட்டி, படகு வேறு பெட்டி என்று பிரித்ததுதான். நெடுந்தீவானிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா? 1985 மே 15. குமுதினிப் படகு. நெடுந்தீவில் இருந்து வந்த சனத்தை நடுக்கடலில் மறித்துக் கடற்படையினர் வெட்டிக் கொன்றார்கள். கைக்குழந்தை உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர். அவர்கள் ஏன் அதில் ஏறினார்கள்? ஆஸ்பத்திரிக்கு, கந்தோருக்கு, சந்தைக்கு, வேலைக்கு. வேறு வழி இல்லாததால் ஏறினார்கள். பயமில்லாமல் அந்தக் கடலைத் தாண்டுவது உரிமையா அபிவிருத்தியா? எந்தப் பெட்டிக்குள் போடப் போகிறீர்கள்? வருசா வருசம் அந்த நாளுக்கு விளக்குக் கொளுத்துகிறோம், நல்லது, கொளுத்தத்தான் வேண்டும். அதே கடலில் இன்றைக்கு ஓடுகிற படகைப் பற்றிக் கேட்ட எம்.பி.யை மட்டும் நக்கல் அடிக்கிறோம்.

இதில் நாங்கள் செய்கிற இன்னொரு வேலையும் இருக்கிறது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் திருப்பணிச் சபை. கிணறு இறைக்க, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட, நோயாளியை ஏற்ற வள்ளத்துக்கு எஞ்சின் வாங்க என்று காசு சேர்க்கிறோம். நானும் கொடுக்கிறேன். இங்கே ஒஸ்லோவில் எங்கள் பேரன் பேத்திகளின் பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் நாங்கள் காசா சேர்க்கிறோம்? கொம்யூனுக்கு எழுதுவோம். கேட்காவிட்டால் பேப்பருக்கு எழுதுவோம். தேர்தல் வந்தால் காட்டுவோம். ஊருக்கு என்றால் மட்டும் சீட்டுப் பிடித்த மாதிரிக் காசு பிரித்து அனுப்பி, கூரையில் எங்கள் சங்கத்தின் பெயரையும் எழுதிவிடுகிறோம். அரசாங்கம் சும்மா இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. எம்.பி. திறப்பு விழாவுக்கு வந்து நாடா வெட்டுகிறார். பிறகு அவரிடம் போய் யார் என்ன கேட்பது?

வெளியில் இருந்து வந்த உதவியும் அப்படித்தான். 2017 இல் அவுஸ்திரேலிய உதவியோடு நெடுந்தாரகை என்ற பயணிகள் படகு நெடுந்தீவுக்கு வந்தது. சனத்துக்குச் சந்தோசம், எனக்கும். ஆனால் படகு தருகிற நாடு எஞ்சின் திருத்தக் காசு வருசா வருசம் தராது. அதை ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் எழும்பி நின்று கேட்க ஒரு ஆள் வேண்டும். சலிப்பான வேலை. கைதட்டு வராது. யூரியூப்பில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

2024 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் தெற்கத்தியக் கட்சி ஒன்று ஆறில் மூன்றை எடுத்தபோது எங்கள் ஆட்கள் தலையில் கைவைத்தார்கள். சனம் மாறிவிட்டது, சனம் விலைபோய்விட்டது என்றார்கள். நான் அந்தக் கட்சிக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவர்களின் மூன்று பேரும் படகைப் பற்றி என்ன கேட்கிறார்கள் என்று அதே கொப்பியில் எழுதத்தான் போகிறேன். ஆனால் நெடுந்தீவின் பரப்பு ஐம்பது சதுர கிலோமீற்றருக்குக் கிட்ட. நோர்வேக் கணக்கில் வெறும் நிலத்துக்கே 90 புள்ளி. எங்கள் கட்சிகளின் கணக்கில் அந்த நிலத்துக்கும் அதில் இருக்கிற சில ஆயிரம் சனத்துக்கும் எத்தனை புள்ளி கொடுத்தோம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

கூட்டாளி கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "நீ நோர்வேக்காரனாப் போட்டாய்" என்று சொல்லி வைத்துவிட்டான். புதன்கிழமை திரும்ப எடுத்தான். ஊரில் அவனுடைய அக்காவுக்குக் கண் ஒப்பரேசன், யாழ்ப்பாணம் போக வேண்டும், காலமைப் படகு எத்தனை மணிக்கு, காற்றென்றால் ஓடுமா என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன்.

யூலையில் ஊருக்குப் போகிறேன். அதற்கு முதல் யாழ் மாவட்டத்தின் ஆறு எம்.பி.மாருக்கும் கட்சி பாராமல் ஒரே கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டு கேள்விதான். நெடுந்தீவுப் படகுச் சேவையைப் பற்றிச் சபையில் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? என்ன பதில் வந்தது? நேற்றுத் தபாலில் போட்டேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். ஆறு மாதம் பார்த்து வராவிட்டாலும் எழுதுகிறேன், பெயர்களோடு.